டியர்டிராப் கேம்பருக்கு எந்தச் சேஸி, எப்படிப் பதிவது? (சிங்கப்பூரில் திட்டம், பெர்த்தில் ஓட்டம்)

#1 தெம்பனிஸ்_தச்சன்

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் மச்சான் வீட்டில் நிறுத்திவைக்க ஒரு டியர்டிராப் கேம்பர் (காரின் பின்னால் இழுத்துப்போகும், கண்ணீர்த்துளி வடிவப் படுக்கை ட்ரெய்லர்) கட்டத் திட்டம். உடல் 8க்கு 5 அடி, அதாவது 2440 × 1520 மி.மீ. உள்ளே இரண்டு பேர் படுக்கணும், பின்மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. இழுக்கப்போகும் காரின் கையேட்டில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோ வரை என்று போட்டிருக்கு.

மரவேலை கைவந்தது. சேஸி, அதாவது சக்கரத்தோடு கூடிய அடிச்சட்டம் பற்றித்தான் தெளிவு வேண்டும். பழைய சரக்கு ட்ரெய்லரை வாங்கி மேலே கட்டலாமா, புதுசா, இல்லை இரும்பு வாங்கி வெல்டிங் பண்ணலாமா? பதிவை எந்த வரிசையில் செய்வது? பலகைகளை இங்கேயே அறுத்துக் கப்பலில் அனுப்பலாமா? கடைசியா ஒன்று, இதைச் சிங்கப்பூரிலேயே பதிந்து ஓட்ட முடியுமா?

#2 காக்கிபுக்கிட்

கடைசிக் கேள்வியை முதலில் முடிச்சிடறேன் தம்பி. இங்கே ட்ரெய்லரும் ஒரு வாகனம். நிலப் போக்குவரத்து ஆணையத்தில் தனியாகப் பதிந்து, தனி எண் தகடு மாட்டித்தான் சாலைக்கு வரணும். வீட்டில் கட்டியதற்குத் தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கணும். காரில் இழுவைக் கொக்கி மாட்டுவதையும் ஆணையத்திடம் எழுத்தில் கேட்ட பிறகே செய்யணும். அப்படியே ஓட்டினாலும் எங்கே கொண்டுபோய்ப் படுப்பீங்க? ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் அனுமதி தருவது கூடாரத்துக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து மரம் அறுக்கவும் முடியாது. பெர்த்திலேயே கட்டுங்க.

#3 பெர்த்வாசி

பலகையை அங்கிருந்து அனுப்பவே வேண்டாம். மரப்பொருள் எதுவானாலும் ஆஸ்திரேலிய உயிர்ப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே வரும். அதற்கான செலவும் காத்திருப்பும் இங்கே ப்ளைவுட் வாங்கும் விலையைத் தின்றுவிடும். கட்டிய கேம்பரை அனுப்புவது இன்னும் மோசம், சாலை வாகனத்துக்கான இறக்குமதி அனுமதி கப்பல் ஏறும் முன்பே கையில் இருக்கவேண்டும். சுவர் வளைவை அங்கேயே கணினியில் வரைந்து, கோப்பை மட்டும் பெர்த்தில் சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்) வெட்டும் கடைக்கு அனுப்புங்கள். கூடவே 6 மி.மீ. அட்டையில் ஒரு மாதிரி வெட்டி சூட்கேஸில் கொண்டுவந்தால் முதல் பலகையிலேயே சரிபார்த்துவிடலாம்.

இப்போது சேஸி. 2021 ஜூலை 1 முதல் இங்கே புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. புதிதாகச் சாலைக்கு வரும் எந்த ட்ரெய்லரும் ‘ராவ்’ எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். உற்பத்தியாளரிடம் வாங்கினால் அவரே ஏற்றித் தருவார். வின் எண்ணோடு (வாகன அடையாள எண்) தகடும் அடித்துத்தான் சேஸி உங்கள் கைக்கு வரும். நீங்களே வெல்டிங் செய்தால் நீங்கள்தான் உற்பத்தியாளர். ஒன்றே ஒன்று கட்டினாலும் ‘ரோவர்’ என்ற அரசு இணையதளம் வழியாக அனுமதி வாங்கும் வேலை உங்களுடையது. கட்டி முடித்துவிட்டு அதைத் தேடாதீர்கள், இரும்பு வாங்கும் முன்பே தேடுங்கள்.

#4 இரும்புக்கை

அண்ணன் சொன்னது சரி, ஆனா வெல்டிங்கை அப்படியே ஒதுக்கவேண்டாம். இலகு ட்ரெய்லர் கட்ட விஎஸ்பி1 என்று அரசு ஒரு கையேடு வெச்சிருக்கு, இலவசமாவே கிடைக்கும். அதைப் படிக்காம யாரும் சேஸி வாங்கவும் கூடாது. அதிலிருந்து இந்த வேலைக்கு வேண்டியது:

அச்சில் இறங்கும் எடை, அதாவது ஜிடிஎம், 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் தேவையில்லை. தாண்டினா 2 டன் வரை ஓர் அச்சுக்காவது பிரேக் கட்டாயம். ஒற்றை அச்சு ட்ரெய்லரில் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, அச்சுக்கு முன்னால் இருக்கும் உடலின் நீளத்தையும் 3.7 மீட்டரையும் தாண்டக்கூடாது. மொத்த அகலம் 2.5 மீட்டருக்குள். பாதுகாப்புச் சங்கிலி 4177 (ஆஸ்திரேலியத் தரநிலை எண்) முத்திரை உள்ளதா இருக்கணும். 1000 கிலோ வரை 6.3 மி.மீ. சங்கிலி, 1600 வரை 8 மி.மீ., 2500 வரை 10 மி.மீ. கடையில் தொங்குற சாதாரணச் சங்கிலி எவ்வளவு தடிமனா இருந்தாலும் சோதனையில் திருப்பி அனுப்பிடுவாங்க.

இந்த அளவு கேம்பருக்கு 50 × 50 × 3 சதுரக் குழாயில் சுற்றுச் சட்டம், 75 × 50 × 3-இல் டிராபார் (முன்னால் நீண்டு காரின் கொக்கியில் மாட்டும் இழுவைச் சட்டம்). டிராபாரின் இரண்டு கையும் முன் குறுக்குக் குழாயோடு நின்றுவிடக்கூடாது. அடியிலேயே ஓடி ஸ்பிரிங்கின் முன் பிடிமானம் வரை போகணும். முன் குறுக்கில் நிறுத்தின சேஸி எல்லாம் அந்த வெல்டிங் ஓரத்தில்தான் விரியும். மேடுபள்ளத்தில் மடங்குற வேலை முழுக்க அந்த ஒரே கோட்டில் விழுது.

சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுக்கணும் என்றால் மூடிய குழாய் ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் துளை போட்டே அனுப்பணும். உள்ளே ஈரமோ காற்றோ அடைபட்டு 450 டிகிரி தொட்டிக்குள் இறங்கினா குழாய் வெடிக்கும். துளை எதிரெதிர் மூலையில் இருந்தால்தான் துத்தநாகம் உள்ளே புகுந்து முழுசா வடியும். முலாம் பூசிய பிறகு வெல்டிங் கூடாது. அதனால விளக்குப் பிடிமானம், ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டிப் பட்டை எல்லாத்தையும் அதுக்கு முன்னாலேயே ஒட்டிடணும்.

#5 தெம்பனிஸ்_தச்சன்

நன்றி. வெல்டிங் சான்றிதழ் இல்லாததால் அந்த வழி எனக்கு இல்லை. அப்போ 8க்கு 5 சரக்கு ட்ரெய்லர் புதுசு வாங்கி, பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு மேலே கட்டலாமா? அச்சை உடலின் நட்டநடுவில் வைத்தால் எடை சமமாகத்தானே இருக்கும்?

#6 நீலமலர்

நடுவில் வைக்காதீர்கள் தம்பி. இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது, எண்ணோடு சொல்கிறேன்.

முதலில் மொத்த எடை. ப்ளைவுட்டின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 550 கிலோ என்று வைத்தால், 2440 × 1220 பலகை ஒன்று 9 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 15 கிலோ, 12 மி.மீ. 20, 18 மி.மீ. 29. உங்கள் தரைக்கு 12 மி.மீ.யில் 24 கிலோ. இரு சுவரும் 12 மி.மீ.யில், வளைவு வெட்டியது போக 34. கூரை 4 மி.மீ. இரண்டு அடுக்கும் வளைகட்டைகளும் 31. தடுப்பு, சமையல் தட்டுகள், பின்மூடி எல்லாம் 9 மி.மீ.யில் 37. மேலே 0.8 மி.மீ. அலுமினியத் தகடு சுமார் 10 சதுர மீட்டர், 22 கிலோ. கதவுச் சட்டம், சன்னல், கீல், பசை, பெயின்ட் 35. ஆக உடல் 183. சேஸிக்குச் சக்கரத்தோடு 210 வைத்தால் வெற்று எடை 393 கிலோ.

ஏற்றுவது: மெத்தை 18, சாமானோடு குளிர்பெட்டி 35, தண்ணீர் 40 லிட்டர், பேட்டரியும் மின்சாமானும் 25, அடுப்பும் எரிவாயுவும் 15, பாத்திரமும் மளிகையும் 30, மாற்றுச் சக்கரம் 18, துணியும் மற்றதும் 60. மொத்தம் 241. எல்லாம் சேர்த்து 634 கிலோ. 750க்கு இன்னும் 116 மீதம். இந்த மீதத்தைச் சாப்பிடாதீர்கள். சுவரை 18 மி.மீ. ஆக்கினாலே கிட்டத்தட்ட 17 கிலோ போகும்.

அடுத்து அச்சு. கொக்கியில் விழும் எடை மொத்தத்தில் 10 விழுக்காடு இருக்கவேண்டும், உங்களுக்கு 63 கிலோ. கொக்கியிலிருந்து உடலின் முன்விளிம்பு 1300 மி.மீ. என்று கொள்வோம். அச்சு நட்டநடுவில் என்றால் கொக்கிக்கும் அச்சுக்கும் 2520. சமையல் பகுதியில் குளிர்பெட்டி, அடுப்பு, பாத்திரம் சேர்ந்து 80 கிலோ, அச்சுக்கு 920 மி.மீ. பின்னால் உட்காரும். 80 × 920 ÷ 2520. கொக்கியிலிருந்து 29 கிலோ கழிகிறது! முன்பக்கச் சாமான்களைக் கூட்டி, இதைக் கழித்து, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் கொக்கியில் 10 கிலோகூட நிற்காது. மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரு சாலை ரயில் (பல ட்ரெய்லர் கோத்த நீள லாரி) தாண்டிப்போகும் காற்றில் வால் ஆட ஆரம்பிக்கும், ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பிரேக்கை மிதித்தால் இன்னும் கூடும்.

அதே உடலுக்கு அச்சை 380 மி.மீ. பின்னால் தள்ளி, கொக்கியிலிருந்து 2900-இல் வையுங்கள். அந்த 80 கிலோவால் கழிவது 15 ஆகக் குறையும். மொத்தமாகக் கொக்கியில் 80 கிலோ அளவுக்கு வரும். இந்த எடைக்கு அச்சை 100 மி.மீ. நகர்த்தினால் கொக்கியில் சுமார் 20 கிலோ மாறுகிறது என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2900 வைத்தால் பின்நீட்டம் 840 மி.மீ. அச்சுக்கு முன்னால் உடல் 1600 மி.மீ., ஆகவே இரும்புக்கை சொன்ன வரம்புக்குள் தாராளமாக அடங்கும்.

#7 காக்கிபுக்கிட்

அக்கா கணக்கிலிருந்தே பதில் வந்திருச்சு. கடையில் நிற்கிற சரக்கு ட்ரெய்லரில் அச்சு எங்கே இருக்குதோ அங்கேதான். நகர்த்தினா உற்பத்தியாளர் தகட்டுக்குப் பொருள் போயிடும். பல சரக்கு ட்ரெய்லரில் மண் கொட்டறதுக்காக டிராபாரிலேயே கீல் வெச்சுச் சாய்க்கிற மாதிரி இருக்கும், அதன்மேல் கேம்பர் கட்டவே கூடாது. டிராபாரும் குட்டை. பின்னால் எடுக்கும்போது காரின் பம்பர் கேம்பர் மூக்கில் இடிக்கும்.

பக்கத் தகடு இல்லாத வெறும் சேஸியை, அச்சு இடத்தை நீங்க வரைந்து கொடுத்து, ட்ரெய்லர் கட்டுற பட்டறையில் ஆர்டர் பண்ணுங்க. தகடும் வின் எண்ணும் அவங்க பெயரில் வரும், அளவு உங்களுடையதா இருக்கும்.

ஆர்டரில் எழுதவேண்டியது: ஏடிஎம் 750 கிலோ. ஏடிஎம் என்பது ட்ரெய்லர் தனியா நிற்கும்போது எல்லாச் சாமானோடும் சேர்ந்த உச்ச எடை. 39 மி.மீ. உருண்டை அச்சோ 40 மி.மீ. சதுர அச்சோ, எல்எம் பேரிங்கோடு, 1000 கிலோ தரம். ஸ்பிரிங் ஜோடி 750க்கு ஏற்றது. ‘பலமா இருக்கட்டுமே’ன்னு 1400 கிலோ ஸ்பிரிங் போட்டா அது வளையவே வளையாது. ஒவ்வொரு குழியும் நேரா ப்ளைவுட் இணைப்புக்குப் போகும், ஸ்க்ரூ கழறும், கதவு ஒட்டாது. கப்ளிங் (கொக்கிப் பந்தின்மேல் பூட்டும் வாய்) 50 மி.மீ. காரில் இருக்கிற பந்தும் 50தானான்னு பந்தின் தலையில் பொறிச்சதைப் படிச்சுப் பாருங்க. அமெரிக்கச் சாமானில் 47.6 மி.மீ. பந்து உண்டு. அதன்மேல் 50 கப்ளிங் பூட்டின மாதிரியே உட்காரும், முதல் பெரிய குழியில் எகிறிடும்.

ரப்பர் டார்ஷன் அச்சு (பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர் முறுக்கி அதிர்வைத் தாங்குவது) வேணுமான்னும் கேட்பாங்க. ஓட்டம் மெத்துன்னு இருக்கும், கேம்பரும் தாழ்வா உட்காரும். ஆனா வழியில் கெட்டா சின்ன ஊர்ப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. பட்டை ஸ்பிரிங் உடைஞ்சா எந்த ஊரிலும் மாத்திக்கலாம். என் ஓட்டு பட்டைக்கு.

#8 ஜூரோங்மேற்கு

மெத்தை பற்றி ஒரு சந்தேகம். 1520 அகலம் என்றால் நம்ம குவீன் சைஸ் சரியாக உட்காருமா?

#9 நீலமலர்

உட்காராது. சிங்கப்பூர் குவீன் 152 × 190 செ.மீ., ஆஸ்திரேலிய குவீன் 153 × 203. சுவரைச் சேஸி மேல் நிறுத்தினால் 12 மி.மீ. சுவர் இரண்டும் போக உள்ளே 1496 மி.மீ.தான். சுவரைச் சேஸியின் வெளிப்பக்கம் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் போல்ட் போட்டால் உள்ளே முழு 1520 கிடைக்கும், தரைப்பலகையின் வெட்டுமுனையும் மழையில் நனையாது. அப்படிச் செய்வதானால் பட்டறையில் ஆர்டர் கொடுக்கும்போதே சக்கர மூடிக்கும் சேஸிக்கும் நடுவே பக்கத்துக்கு 30 மி.மீ. கூடுதலாகக் கேளுங்கள். பலரும் இதைக் கேட்காமல் விட்டுவிட்டு, சுவர் சக்கர மூடியில் இடித்த பிறகு வெட்டுகிறார்கள்.

#10 பெர்த்வாசி

பதிவு வரிசை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இதற்கு வாகன லைசென்ஸ் என்று பெயர். இங்கே முகவரி உள்ளவர் பெயரில் எடுப்பதுதான் நடைமுறை, ஆகவே விலைச்சீட்டும் மச்சான் பெயரிலேயே இருக்கட்டும். விலைச்சீட்டில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்றால் கவுன்டரிலேயே நின்றுபோகும்.

சேஸி வந்த அன்றே தகட்டையும், சட்டத்தில் பொறித்த வின் எண்ணையும் படம் எடுங்கள். 17 எழுத்தும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா, விலைச்சீட்டிலும் அதேதானா என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். ராவ் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடலாம், அந்த எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். உடலைக் கட்டும்போது தகட்டை மறைக்காதீர்கள். டிராபாரில் சமையல் பெட்டி பொருத்தி வின் எண்ணை மூடிவிட்டு, சோதனைக்கு முந்தைய நாள் பெட்டியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டி முடித்ததும் தற்காலிக நகர்வு அனுமதி எடுத்து எடைமேடைக்குப் போங்கள். தண்ணீரும் சாமானும் இல்லாமல் நிறுத்து, சீட்டு வாங்குங்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம். அங்கே தேறிய தாள், விலைச்சீட்டு, எடைச்சீட்டு மூன்றும் சேர்ந்தால் லைசென்ஸ். வெறும் சேஸியாகவே முதலில் லைசென்ஸ் எடுத்துவிட்டால், மேலே உடல் ஏறிய பிறகு எடையும் உடல்வகையும் மாறிவிட்டதாக மறுபடி தெரிவித்துத் திரும்பவும் சோதனைக்கு நிற்கவேண்டிவரும். வண்டியை வெளியே இழுக்கவேண்டிய அவசியம் இல்லையென்றால் கட்டி முடித்து ஒரேமுறை போவது மேல்.

பழைய ட்ரெய்லர் மலிவாகக் கிடைக்கிறதென்று மனம் இழுத்தால், பிபிஎஸ்ஆர் என்ற இணையப் பதிவேட்டில் 2 டாலர் கட்டி அந்த வின் எண்ணின்மேல் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு இல்லாததை, துருவில் எண் படிக்கமுடியாததை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்கவேண்டாம்.

#11 இரும்புக்கை

சோதனையில் அதிகம் விழுறது விளக்கில். அங்கே 7 பின் தட்டை பிளக்: மஞ்சள் இடது சிக்னல், கறுப்பு ரிவர்ஸ், வெள்ளை எர்த், பச்சை வலது சிக்னல், நீலம் பிரேக் சாதனம், சிவப்பு பிரேக் விளக்கு, பழுப்பு பின்விளக்கு. எர்த்தைச் சேஸி இரும்பு வழியா விட்டுட்டா, கிரீஸும் துருவும் படிந்த கொக்கிப் பந்து வழியாத்தான் கரன்ட் திரும்பும். அப்போதான் இடது சிக்னல் போட்டா பின்விளக்கும் சேர்ந்து மங்கலா மினுக்கும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் வெள்ளை ஒயரைப் பிளக் வரை இழுங்க.

தரைப்பலகையைச் சேஸியோடு பிடிக்கத் தானே துளையிடும் ஸ்க்ரூ வேண்டாம். குழாய்க்குள் தண்ணி இறங்கி உள்ளேயிருந்து அரிக்கும். எம்10 போல்ட், பெரிய வாஷர், துளையில் சீலன்ட். துளை போட்ட இடத்தில் துத்தநாகப் பெயின்ட். செம்பு கலந்த மருந்திட்ட மரம் முலாம் மேல் நேரா படக்கூடாது, நடுவில் ரப்பர் பட்டை வைங்க.

பேரிங்கைப் புதுசுன்னு நம்பாதீங்க. மூடியைத் திறந்து, சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, பிறகு கோட்டர் பின் துளை ஒத்துவரும் வரை கொஞ்சம் தளர்த்தணும். சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா உணர முடியாத அளவு ஆட்டம்தான் இருக்கணும். முதல் ஓட்டத்தில் 20 கிலோமீட்டர் போய் ஹப்பில் கைவைங்க. வெதுவெதுப்பு சரி. கை வைக்கமுடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம். சக்கர நட்டை 50 கிலோமீட்டரில் மறுபடி முறுக்குங்க.

#12 தெம்பனிஸ்_தச்சன்

வரைபடத்தை மாற்றிவிட்டேன். வெறும் சேஸி, ஆர்டர். ஏடிஎம் 750, கொக்கியிலிருந்து அச்சு 2900, சுவர் வெளிப்பக்கம். தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் சமையல் மேடைக்கு அடியில் வைத்திருக்கிறேன், குழாய் நீளம் குறையும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி படுக்கைக்கு அடியில். எரிவாயு அடுப்பு நிரந்தரமாகப் பொருத்தியது. சரியா?

#13 பெர்த்வாசி

மூன்றில் இரண்டை மாற்றுங்கள். நிரந்தர எரிவாயு இணைப்பு என்றால் உரிமம் பெற்ற எரிவாயு பொருத்துநரின் சான்று வேண்டும், உருளைக்கும் வெளியே காற்று போகும் தனி அறை வேண்டும். வெளியே எடுத்து வைத்துச் சமைக்கும் முகாம் அடுப்பென்றால் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரியைப் படுக்கைக்கு அடியில் திறந்தபடி வைக்கக்கூடாது. 2022-இல் வந்த ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 தரநிலைப்படி லித்தியம் பேட்டரி படுக்கும் இடத்திலிருந்து அடைத்துப் பிரித்து, வெளிப்பக்கம் காற்று போகும்படி இருக்கவேண்டும். டிராபார் பெட்டிக்குக் கொண்டுபோங்கள்.

#14 நீலமலர்

பேட்டரி டிராபாருக்குப் போவது கணக்குக்கும் நல்லது. கொக்கியில் 80 கிலோ வரும் என்று நான் போட்ட கணக்கில் அது அங்கே இருப்பதாகத்தான் வைத்தேன், 15 கிலோ அதனால் வருகிறது. தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைக்காதீர்கள். அங்கே நிரம்பியிருந்தால் கொக்கியிலிருந்து 8 கிலோ கழியும், நாலு நாளில் தண்ணீர் தீர்ந்தால் அது திரும்ப ஏறும். அச்சுக்கு 200 மி.மீ. முன்னால், தரைக்கு அடியில் தொங்கவிடுங்கள். நிரம்பினாலும் காலியானாலும் கொக்கியில் 3 கிலோதான் வித்தியாசம். குழாய் ஒரு மீட்டருக்கு மேல் கூடும், அவ்வளவுதான். தொட்டிப் பட்டைக்கான கொக்கிகளைச் சேஸி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள், முலாமுக்குப் பிறகு ஒட்டமுடியாது.

எல்லாம் ஏற்றியபின் குளியலறைத் தராசு ஒன்றைக் கப்ளிங்குக்கு நேர் கீழே வைத்து, காரில் மாட்டும் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை நிறுத்தி, அதன்மேல் இறக்கிப் பாருங்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்போது 63-க்கும் 80-க்கும் நடுவே காட்டவேண்டும். காரின் கையேட்டில் கொக்கிக்கு என்று தனியாக ஓர் உச்ச எடை போட்டிருக்கும், அது 75 என்றால் மாற்றுச் சக்கரத்தை டிராபாரிலிருந்து எடுத்து அச்சுக்குப் பக்கத்தில் அடியில் மாட்டுங்கள்.

#15 தெம்பனிஸ்_தச்சன்

கையேட்டைப் பார்த்துவிட்டேன் அக்கா, 75தான். சக்கரத்தை அடியில் மாற்றி, அதற்கான பிடியையும் ஆர்டரில் சேர்த்துவிட்டேன்.